கடைசி பெஞ்சுக்கு எட்டும் பாடம்



2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தவர். வாசலில் நம் பிள்ளைகளைத் தடுப்பது எது என்று அன்றுமுதல் உரக்கக் கேட்கிறோம். வாசலைத் தாண்டிக் கல்லூரிக்குள் போன பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். மறைந்த தோழரின் நினைவில் கூடியுள்ள இந்த நாளில் அதைத்தான் பேச விரும்புகிறோம்.

நடப்பது நமக்குத் தெரியும். ஆசிரியர் ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்வார், நாம் எழுதுவோம். "புரியுதா?" என்பார், முன்வரிசை தலையாட்டும். கடைசி பெஞ்சில் முதல் தலைமுறைப் பிள்ளை வாய் திறக்காது. செமஸ்டர் முடிவில் அரியர். பழி பிள்ளைமேல் விழும். கற்பித்த முறைமேல் விழாது.

1924இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு அண்ணல் அம்பேத்கர் எழுத்துவழிச் சாட்சியம் அளித்தார். தகவல்களை நிரப்புவதைவிட, மாணவரின் தனித்தன்மையை வெளிக்கொணர்ந்து சிந்திக்கத் தூண்டுவதே பல்கலைக்கழகக் கல்வியின் நோக்கம் என்பது அதன் சாரம். கொலம்பியாவில் ஜான் டூயியிடம் பயின்றவர் அவர். கற்பிக்கும் முறையும் நமக்கு உரிமைப் பிரச்சினைதான்.

எந்த முறை நல்லது? பாடத்தைப் பொறுத்தது. நிலவியலுக்குச் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. 18 மீட்டர் நீளத்தில் மண்ணில் கிடக்கும் பாடம் அது. பொருளியலுக்குச் சின்ன வெங்காயம் இருக்கிறது. அறுவடை நேரத்தில் விலை ஏன் சரிகிறது என்று முதலில் தமிழில் பேசவிட்டால், தேவையும் அளிப்பும் அங்கேயே பிறக்கும். தேர்வுக்கான ஆங்கிலச் சொல்லைப் பிறகு சேர்க்கலாம். கணித நிரூபணத்துக்குக் கரும்பலகை வேண்டும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பக்கத்திலிருப்பவருக்கு விளக்கச் சொல்ல வேண்டும். நோட்டை மூடிவிட்டு நினைவில் நின்றதை எழுதச் சொல்லலாம், மதிப்பெண் இல்லாமல். யாருக்குப் புரியவில்லை என்பது அரியர் விழுமுன்பே தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். குழுவை மாணவரே பிரித்துக்கொள்ள விட்டால் ஊரும் சேரியும் வகுப்புக்குள் வந்து உட்காரும். ஆசிரியர்தான் கலந்து அமர்த்த வேண்டும். அனுபவத்தைப் பேசு என்பது, வலியை எல்லோர் முன்னும் காட்டு என்பதாகிவிடக் கூடாது.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்கிறோம். முதல் சொல் கற்பி. இங்கிருக்கும் மாணவர்களில் பலர் நாளைய ஆசிரியர்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று கடைசி பெஞ்ச் பேசியதா?