ஏறுகிற கார் அல்ல, இறங்குகிற கார்
(ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"அமெரிக்க வாழ்க்கையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். அதை உங்கள் பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். நான் மெக்கானிக்கல் பையன். மிச்சிகன் மாநிலத்தில் பிழைப்பு நடத்தியவன். எனக்குத் தெரிந்தது கார். ஆகவே மூடிப்போன ஒரு கம்பெனியின் காரைப் பற்றிப் பேசுகிறேன். கம்பெனி போய்விட்டது, கார் இன்னும் பந்தயத்தில் ஓடுகிறது.

டெட்ராய்டில் 1909-இல் தொடங்கிய கம்பெனி ஹட்சன். 1948 மாடலில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்தக் காலத்துக் காரில் சேஸிஸ் சட்டம் கீழே, அதன் மேல் தரை, அதன் மேல் நாம். ஹட்சன்காரர்கள் தரையைச் சட்டங்களுக்கு நடுவே கீழே இறக்கிவிட்டார்கள். மற்ற காரில் ஏறி உட்காருவோம். இதில், நம் பழைய வீட்டு முற்றத்தில் கால் வைப்பதுபோல, இறங்கி உட்கார வேண்டும். புவியீர்ப்பு மையம் தாழ்ந்துவிட்டது. வளைவில் மற்ற கார் சாயும், இது ஒட்டிக்கொண்டு போகும். இதற்கு மேல் விளக்கினால் பேராசிரியர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்துவிடுவார்!

1951-இல் ஹார்னெட் வந்தது. 308 கன அங்குலம், ஆறு சிலிண்டர், பழைய பாணி சைடு வால்வு எஞ்சின், 145 குதிரைசக்தி. எதிரே ஓல்ட்ஸ்மொபீல் 1949-லேயே ஓவர்ஹெட் வால்வு வி-8 வைத்திருந்தது. கிளட்ச் என்ன தெரியுமா? எண்ணெயில் ஊறும் கார்க்கு! பாட்டில் மூடுகிற அதே கார்க்குதான்.

இந்தக் கிழட்டு எஞ்சினை வைத்துக்கொண்டு ஸ்டாக் கார் பந்தயத்துக்குப் போனார்கள். ஸ்டாக் என்றதும் பங்குச் சந்தைக்குப் போய்விடாதீர்கள். கடையில் விற்கிற அதே மாடல் கார் என்று பொருள். டேடோனாவில் அப்போது பந்தயப் பாதையில் பாதி கடற்கரை மணல், பாதி தார் ரோடு. 1951-இல் அங்கே மார்ஷல் டீக் ஹார்னெட்டில் ஜெயித்தார். 1952-இல் நாஸ்கார் நடத்திய 34 பெரிய பந்தயங்களில் 27 ஹட்சனுக்கு. அந்த வருடச் சாம்பியன் டிம் ஃபிளாக். அடுத்த வருடம் ஹெர்ப் தாமஸ், அவருக்குப் பின்னால் ஸ்மோக்கி யூனிக் என்ற மெக்கானிக். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. பலமான அச்சு, பலமான ஹப் எல்லாவற்றுக்கும் பாகம் எண் கொடுத்து, "கடின உபயோகத்துக்கு" என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆகவே அதுவும் ஸ்டாக்! நம்ம ஊர் மூளை மாதிரியே இருக்கிறது இல்லையா?

அப்புறம் ஏன் மூடினார்கள்? காரை ஜெயிக்க வைத்த அதே உடம்புதான் கடையில் தோற்க வைத்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அடிக்கடி காரின் முகத்தை மாற்றினார்கள். ஹட்சனில் சட்டமும் பாடியும் ஒன்றாக வெல்டு செய்தது. தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் எலும்பையே மாற்ற வேண்டும், கையில் பணம் இல்லை. இருந்த பணத்தையும் வி-8-இல் போடாமல் ஜெட் என்ற சின்ன காரில் போட்டார்கள். 1953-இல் வந்தது, விற்கவில்லை. 1954 மே மாதம் நாஷ் கம்பெனியோடு இணைப்பு. 1957-இல் பெயரும் போயிற்று. ஜெட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. நமக்கென்ன என்கிறீர்களா? டிசைன் மேஜையில் உட்கார்ந்தவனுக்கு வலிக்கும் சார்.

என் வீட்டருகே ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற டூல் மேக்கர். அவர் அப்பா ஹட்சன் ஆலையில் வேலை பார்த்தவர். பெரியவரிடம் ஒரு 1952 ஹார்னெட் இருக்கிறது. பழைய கார்களுக்கென்று நடக்கும் பந்தயங்களில் ஓட்டுவார். கூண்டுக் கம்பி, பெல்ட் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார். எஞ்சினும் கார்க்கு கிளட்சும் பழையவைதான். பாகம் வேண்டுமென்றால் 1959-இல் தொடங்கிய ஹட்சன் அபிமானிகள் கிளப்பில் யாராவது ஒருவர் கொட்டகையிலிருந்து எடுத்துத் தருவார்.

அவருடைய மகனுக்கு இது பிடிக்கவில்லை. ஹட்சனில் சட்டம் பின் சக்கரத்துக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி வருகிறது. மற்ற காரில் பக்கவாட்டில் அடிபட்டால் தகரம் நசுங்கும். இதில் சட்டமே வளையும். வளைந்தால் மாற்றப் புதிது கிடையாது. "இப்சிலான்டி மியூசியத்தில் ஹெர்ப் தாமஸின் 92-ஆம் எண் கார் நிற்கிறதே, அதுபோல இதையும் நிறுத்துங்கள் அப்பா" என்கிறார் மகன். அந்த மியூசியம் இருப்பதே கடைசி ஹட்சன் டீலரின் கடையில்தான்.

போன கோடையில் மண் தடத்தில் ஒருவர் பின்னால் இடித்துவிட்டார். சட்டம் தப்பியது. இரண்டு பேரும் என்னை நடுவராக்கிவிட்டார்கள். நான் ஓட்டட்டும் என்றேன். அந்த எஞ்சின் மூன்றாம் கியரில் இழுக்கிற சத்தம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற காரில் கேட்காது. மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பெரியவர் அடுத்த பந்தயத்துக்குக் கார்க்கு வெட்டிக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.