பொது அஞ்சல் பெட்டியும் ஊராட்சிப் பணியும்

(மூலனூர் ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



நான் முன்பு வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கடுங்கோடையில் ஒரு சிற்றூரின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதுற்றது. பழுதுபார்க்க அனுமதி மின்னஞ்சலில் வந்தது. ஆனால் அது சென்று சேர்ந்ததோ ஓர் எழுத்தரின் சொந்தப் பெட்டிக்கு. அவர் விடுப்பில் இருந்தார். ஒன்பது நாட்கள் தாய்மார்கள் குடமேந்தித் தோட்டங்களுக்கு நடந்தனர். பணம் இருந்தது, அனுமதி இருந்தது. செய்தி மட்டும் பூட்டிக் கிடந்தது. விசாரித்து அறியாத குற்றம் என்னையும் சாரும்.

இதற்குப் பரிகாரம், அலுவலகத்துக்கெனப் பொதுப் பெட்டியும், அதனுள் பொருள்வாரியான பொதுக் கோப்புறைகளும் அமைப்பதே. 1986-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 'ஐமாப்' என்னும் முறையை வகுத்தார். இம்முறையில் கடிதம் மையக் கணினியிலேயே தங்கும்; உரிமை பெற்றவர் எங்கிருந்து திறந்தாலும் அதே கடிதத்தைக் காணலாம். படிப்பவர் யார், சேர்ப்பவர் யார், நீக்குபவர் யார் என்று கோப்புறைதோறும் வரையறுக்க 1997-இல் விதி வெளியாயிற்று. ஊர்ப் பொதுக் கிணறு போன்றது இது. இறைப்பவர் பலர், நீர் ஒன்றே.

குடிநீர், சாலை, வீட்டு வசதி, கிராம சபை, விவசாயம் என ஐந்து கோப்புறைகள் நமக்குப் போதும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் பருத்தி ஏல அறிவிப்பு 'விவசாயம்' கோப்புறையில் சேர்ந்தால், எல்லா ஊராட்சிச் செயலர்களும் அன்றே அதை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். ஒரே சொல்லைப் பலர் வைத்துக்கொள்ளலாகாது. நீக்கும் உரிமை ஒருவரிடமே இருக்கட்டும். மனுவை ஏற்றவர் தம் பெயரைக் குறிக்க வேண்டும். இல்லையேல் பலர் பார்த்தும் ஒருவரும் செய்யார். மாறுதலாகிச் செல்வோரின் உரிமையை அன்றே நீக்கிவிட வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரங்களைப் பொதுக் கோப்புறையில் இடலாகாது.

ஆவணங்களை வகைப்படுத்திப் பேணுமாறு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பணிக்கிறது.

பெரியோர்களே! கணினியை அறியாதவரும் ஒரு கேள்வி கேட்கலாம்: "எங்கள் மனு எந்தக் கோப்புறையில் இருக்கிறது? யார் ஏற்றிருக்கிறார்?" கிராம சபையில் தயங்காமல் கேளுங்கள். விடை கூறுவது எங்கள் கடமை.