நடுவில் நின்ற துபாஷி

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வெற்றிக் கதை சொல்வதுதான் வழக்கம். நான் சொல்லப்போவது சறுக்கிய கதை. மாணவர்களுக்கு இதுதான் அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

நாம் எழுதும் புரோகிராமும், தகவல்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் 'டிரைவர்' என்று ஒரு சிறு மென்பொருள் இருக்கும். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கும் நம்மூர் வியாபாரிக்கும் நடுவே நின்ற துபாஷியைப் போல. அவர் ஒழுங்காக வேலை பார்க்கும்வரை, அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளை நான் கவனித்து வந்தேன். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 5.7. டிரைவரை மட்டும் ஒரு சிறிய வெளி நிறுவனத்திடம் வாங்கியிருந்தோம். தேர்ந்தெடுத்தவன் அடியேன்தான். விலை மலிவு, வேகமும் அதிகம். பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அதனாலேயே அதை மறந்துபோனோம்.

2023 அக்டோபரோடு 5.7-க்கான ஆதரவு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புது சர்வரில் 8.0-ஐ நிறுவி, தகவல்களை மாற்றி, பயனர் கணக்குகளைப் புதிதாக உருவாக்கினோம். திங்கள் காலை ஒரு பில்கூடப் போட முடியவில்லை!

காரணம் இதுதான். 2018இல் 8.0 வந்தபோதே, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை மாறிவிட்டது. பழைய முறை, வலுவிழந்த ஷா-1-ஐ நம்பியிருந்தது. புதிய கணக்குகளுக்கு ஷா-256 அடிப்படையிலான முறை வந்தது. வாசல் காவலாளி புது அடையாளம் கேட்கிறார். நம் துபாஷிக்குப் பழையதுதான் தெரியும்.

"சோதிச்சுப் பார்க்கலையாப்பா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். பார்த்தோம். ஆனால் எங்களிடமிருந்த வேறொரு கருவியால் பார்த்தோம். பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து பார்க்கவில்லை.

டிரைவர் விற்றவர்களுக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. கடையை மூடிவிட்டார்களாம். மூல நிரலும் எங்களிடம் இல்லை. கோடவுன் வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. "இன்சுலின் தீர்ந்துபோச்சு சார், சரக்கை எப்ப அனுப்புவீங்க?" என்று ஒரு மருந்துக்கடைக்காரர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. மேனேஜர் பழைய பில் புத்தகத்தைத் தேடியெடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார்.

மதியத்துக்குள் ஒரு வழி கிடைத்தது. அந்தக் கணக்குகளை மட்டும் பழைய கடவுச்சொல் முறைக்கே மாற்றினோம். பில் ஓடியது. அப்பாடா என்று டீ குடித்தோம். "டிரைவரைப் பிறகு பார்த்துக்கலாம்" என்றேன்.

என் உண்மையான தவறு அந்த ஒரு வார்த்தைதான். 2024 ஏப்ரலில் வந்த 8.4-இல் அந்தப் பழைய முறை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. ஜூலையில் வந்த 9.0-இல் அடியோடு நீக்கப்பட்டது. ஒட்டுப் போட்ட இடமும் போயிற்று. வேறு டிரைவருக்கு மாறலாமென்றால், இந்த டிரைவருக்கே உரிய கட்டளைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொன்றாக மாற்ற மூன்று மாதம் ஆயிற்று.

தம்பி தங்கைகளே, பிறர் எழுதியதைப் பயன்படுத்தாமல் இன்று யாராலும் வேலை செய்ய முடியாது. அது தவறுமில்லை. ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள். வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் அதன் பதிப்போடும் ஆதரவு முடியும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிரைவரோடு பேசும் வேலையை ஒரே இடத்தில் வையுங்கள். மாற்றினால் அந்த ஓரிடத்தை மாற்றினால் போதும். மூன்றாவது, "பிறகு பார்த்துக்கலாம்" என்று சொன்னால், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த நோட்டை நான் இப்போது வைத்திருக்கிறேன். மேனேஜரும் தன் பில் புத்தகத்தை இன்னும் மேஜையிலேயே வைத்திருக்கிறார். என்மீது அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது!