சிவப்புச் சட்டைக்காரன் பெயர் என்ன?

(ஸ்ரீபெரும்புதூரில் பேசியதன் சாரம்)



இன்று ஒரு சித்திரத்தைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கின்றோம். சித்திரம், சிற்பம் என்பதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, உழைக்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்தச் சித்திரத்தில் இருப்பவர்கள் உழைப்பாளி மக்களே. ஆகையால் சற்றுப் பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டுகின்றோம்.

இங்கிருந்து அதிக தூரமில்லாத, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10-ந் தேதி ஒரு பெரும் சண்டை நடந்தது. கும்பினியின் படையைக் கர்னல் பெய்லி நடத்தி வந்தான். எதிரே ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் நின்றார்கள். பெய்லியிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,800 பேர். அவர்களில் வெள்ளையர் சிலரே. பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். துணைக்கு வரவேண்டிய மன்றோ காஞ்சிபுரத்திலேயே இருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. படை அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு 1782-ல் சீரங்கப்பட்டணத்தில் செத்தான்.

இந்த வெற்றியைத் திப்பு, சீரங்கப்பட்டணத்தில் தமது தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். அது பின்னால் டல்ஹௌசி காலத்தில் திரும்பவும் தீட்டப்பட்டு இன்றும் இருக்கின்றது. நடுவில் சிவப்புச் சட்டைக்காரர் சதுரமாய் அணிவகுத்து நிற்கிறார்கள். அந்தச் சதுரத்துக்குள்ளே பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறான். திப்புவோ கையில் மலரோடு, தோட்டம் பார்க்க வந்தவர் போலக் காணப்படுகிறார். இதே காட்சியைக் காகிதத்தில் எழுதிய ஒரு படம் 2022-ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுனுக்கு விலைபோயிற்று.

தோழர்களே! அந்தப் படத்தில் பெய்லியைக் காட்டுகிறார்கள், திப்புவைக் காட்டுகிறார்கள். அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் பெயர் என்ன என்று யாராவது கேட்டதுண்டா? பல்லக்கைத் தூக்கினவன் பெயர் என்ன? எதிர்ப்பக்கம் வாளோடு பாய்ந்தவனும் இந்நாட்டவன்தானே, அவன் பெயர்தான் என்ன? கும்பினியானாலும் சரி, சுல்தானானாலும் சரி, சிப்பாயின் உயிர் வேண்டியிருந்ததே தவிர அவன் பெயர் வேண்டியிருக்கவில்லை.

புள்ளலூருக்கே போய்ப் பாருங்கள். 1781-ல் அங்கே நடந்த அடுத்த சண்டையில் மாண்ட இரண்டு வெள்ளை அதிகாரிகளுக்கு இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவர்களோடு விழுந்த சிப்பாய்களுக்கு அங்கு பெயர் பொறித்த தூண் கிடையாது. தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளையருக்கு விற்பதற்காகச் சிப்பாயையும் அவன் மனைவியையும் ஜோடியாக எழுதினார்கள். அதில் சட்டையின் பித்தான் வரைக்கும் சரியாக இருக்கும். பெயர் மட்டும் இராது. அவன் ஒரு "மாதிரி", அவ்வளவே.

நம் ஜில்லாக்களில் பல கிராமங்களில் வெள்ளைக்காரன் வைத்த கல் ஒன்று உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-19 யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். தொகை இருக்கின்றது, ஆள் இல்லை. ஆட்டு மந்தையையும் இப்படித்தானே எண்ணுவார்கள்?

பெயர் எழுத முடியாதா என்றால், முடியும். பூனாவுக்கருகில் கோரேகாவ் என்ற ஊரில் 1818 ஜனவரி முதல் தேதி சண்டை நடந்தது. அங்கே கும்பினி நட்ட தூணில் மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் 22 மகர்களுடையவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தீண்டாதவன் என்று ஊர் ஒதுக்கின மக்களின் பெயர் கல்லில் நின்றபடியால்தான், டாக்டர் அம்பேத்கர் 1927-ல் அங்கே போய்த் தம் மக்களுக்கு அதைக் காட்ட முடிந்தது. பெயருக்கு உள்ள பலம் இதுவே.

இனி வேறொரு சங்கதி. க்ஷத்திரியன்தான் ஆயுதம் எடுக்கலாம் என்று சாஸ்திரம் சொல்லிற்று. கும்பினியின் சென்னைப் பட்டாளத்திலோ பறையரும் பிற ஜாதியாரும் துப்பாக்கி பிடித்துச் சண்டை செய்தார்கள். சாஸ்திரம் பொய்யென்று அங்கேயே தீர்ந்துபோயிற்று. ஆனால் துப்பாக்கி கொடுத்த வெள்ளையன் சமத்துவம் கொடுத்தானா? சிப்பாய் எவ்வளவு உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. நேற்று வந்த வெள்ளைச் சிறுவனுக்கும் அவன் கீழ்தான். 1806-ல் வேலூரில் சிப்பாய்கள் கிளம்பியதற்குப் புதுத் தலைப்பாகை உத்தரவு மட்டுமா காரணம்? மனிதனாக மதிக்கப்படாத மனக்கொதிப்பும் அதில் இல்லையா?

பிறகு 1880-க்கு மேல், ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் "பிறவி வீர ஜாதி" என்று ஒன்றைக் கட்டி, தென்னாட்டவனுக்கு வீரமில்லை என்று சென்னைப் பட்டாளங்களைக் குறைத்தார்கள். இது வருணாசிரமத்துக்கு வெள்ளைக்காரன் எழுதிய உரையல்லாமல் வேறென்ன?

தோழர்களே! இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. விடியுமுன் பஸ்களில் ஒரே நிறச் சட்டையோடு பிள்ளைகள் போகிறார்கள். அவர்களைப் படம் பிடித்தால் யந்திரத்தின் பெயர் கீழே அச்சாகும். பக்கத்தில் நிற்பவள் பெயர் அச்சாகின்றதா என்று பாருங்கள்.

ஆகையால் நாம் சொல்வது இதுதான். உங்கள் ஊரில் அந்த யுத்தக் கல் இருந்தால் தேடிப் பாருங்கள். போனவர் யார், எந்தத் தெரு, என்ன வேலை செய்தவர் என்று கிழவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சேரித் தெருவை முதலில் கேளுங்கள். விட்டுப்போனது அங்கேதான் அதிகமிருக்கும்.