பிள்ளை கூடவே போகும் சொல்



மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மாறுகண். பிள்ளைகள் "ஒண்ணரைக்கண்ணு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பள்ளிக்கூடமே வேண்டாமென்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். (மாறுகண்ணைச் சிறு வயதிலேயே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்கு வைத்தியம் உண்டு.) முதலில் அப்படிக் கூப்பிட்ட பையனை விசாரித்தேன். "எங்கப்பாதான் அப்படிச் சொல்லுவாரு" என்றான். அப்பா திண்ணையில் விளையாட்டாகச் சொன்னதுதான்!

இதற்காகப் பையனை அடிக்கலாமா? பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டில் மட்டும் அடிக்கலாமா? அடி வாங்கிய பிள்ளை, தன்னைவிடச் சின்னதை அடிக்கும். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு யாருக்கு என்ன உதவி செஞ்சே?" என்று கேளுங்கள். பென்சில் கொடுத்தேன் என்பான். வெறுமனே "நல்ல பையன்" என்றால் போதாது. "பென்சில் இல்லாதவனுக்குக் கொடுத்தியே, அது நல்ல காரியம்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். அம்மா மட்டுமல்ல, அப்பாவும் சொல்ல வேண்டும்.

அந்தத் தகப்பனார் மகனையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், "என் வாய்தாம்மா தப்பு" என்றார். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தபோது, பையன் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தான்.