நேர்முகத் தேர்வுக்கு முன் நிறுவனத்தை அறிதல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடைகளில் கல்வியின் பெருமையைப் பற்றி நீங்கள் நிறையவே கேட்டிருக்கிறீர்கள். நாம் இன்று சிறியதாகத் தோன்றும் ஒரு பொருளை எடுத்துக் கொள்வோம். எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ்களைக் கையிலேந்தி, நம் வீட்டுப் பிள்ளை நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழைகிறது. எதிரே மூவர் அமர்ந்திருக்கின்றனர். "எங்கள் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்கிறார். பாடத்தில் முதல் வகுப்புப் பெற்றவர்களும் இவ்விடத்தில் தடுமாறுவதை நாம் கண்டு வருகிறோம். "நல்ல நிறுவனம், புகழ் பெற்ற நிறுவனம்" என்பதற்கு மேல் சொல் எழுவதில்லை.

இது அறிவுக் குறைவினால் நேர்வதன்று. சில வீடுகளில் நிறுவனங்களைப் பற்றிய செய்தி சோற்றோடு சேர்த்தே பரிமாறப்படுகிறது. சிற்றப்பா அங்கே கணக்கர். மாமன் அங்கே மேலாளர். எந்தப் பிரிவு வளர்கிறது, எந்தப் பிரிவை மூடப் போகிறார்கள் என்பதை அவ்வீட்டுப் பிள்ளை கேளாமலே கேட்டு வளர்கிறது. நம் வீடுகளிலோ, அந்த ஆலை வாயிலுக்குள் மேசை வேலைக்காக முதன்முதலில் அடியெடுத்து வைப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். தந்தை அங்கே சென்றிருந்தால் சுமை இறக்கவோ கழிவு அகற்றவோ சென்றிருப்பார். ஆதலால் பிறருக்குத் தானாக வந்து சேர்வதை நாம் முயன்று திரட்ட வேண்டியுள்ளது.

அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8⅓ விழுக்காடு ஒதுக்கப்பட்டது. தனியார் தொழிலகங்களில் அத்தகைய சட்டக் காப்பு நமக்கு இன்றளவும் இல்லை. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 தொடக்கத்திலிருந்து நேர்முகத் தேர்வே கைவிடப்பட்டது. ஆகவே அந்த அறையின் அதிகாரம் இன்று தனியார் நிறுவனங்களிலும் அதிகாரி நிலைப் பணிகளிலுமே மிகுதியாக இருக்கிறது.

எண்ணூர் அசோக் லேலண்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1948இல் இரகுநந்தன் சரண் என்பவரால் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது; அசோக் என்பது அவர் மகனின் பெயர். முதலில் அங்கே பூட்டி இணைத்தவை ஆஸ்டின் கார்களே. 1955இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் பங்கு சேர்ந்தபின் இப்பெயர் வந்தது. 1987இல் இந்துஜா குழுமத்தின் பொறுப்பிற்கு வந்தது. இவற்றை அப்படியே ஒப்பித்தால் பயன் உண்டா? சிறிதே உண்டு. ஒப்பிப்பவனை எதிரே அமர்ந்திருப்பவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

அதற்குப் பதிலாக, அந்நிறுவனம் யாருக்கு விற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அதன் பேருந்துகளை வாங்குகின்றன. சரக்குந்து உரிமையாளர்கள் வாங்குகின்றனர். அண்மையில் அதற்கு நேர்ந்த மாற்றம் என்ன? 2020 ஏப்ரல் முதல் நாள் நாடு முழுவதும் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. கனரக டீசல் வண்டிகளில் யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நச்சு வாயுவைக் குறைக்கும் அமைப்பு பெருமளவில் இடம் பெற்றது. இப்போது மின்கலப் பேருந்துகளும் வருகின்றன. டிப்ளமா முடித்துப் பேருந்துப் பணிமனையில் தொழில் பழகிய நம் இளைஞர் ஒருவர், "அந்தக் கரைசல் அமைப்பில் வரும் பழுதுகளை நான் பணிமனையில் கையால் பார்த்திருக்கிறேன்" என்று சொல்வாராயின், அது பத்து ஆண்டுக் கணக்குகளை ஒப்பிப்பதைவிட மேலானது. நிறுவனத்தின் செய்தியும் நம் கைத்தொழிலும் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பதே ஆயத்தம் என்று நாம் கருதுகிறோம்.

வங்கி அதிகாரித் தேர்வுக்குச் செல்வோர் பழைய வழிகாட்டி நூல்களை நம்பிவிட வேண்டா. அவற்றில் அலகாபாத் வங்கி இன்னும் தனி வங்கியாகவே இருக்கும். அது 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியுடன் இணைந்துவிட்டது.

செய்தியை எங்கே தேடுவது? பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. அதன் இணையதளத்தில் காசின்றிக் கிடைக்கும். ஆங்கிலமாயிற்றே என்று அஞ்ச வேண்டா. தலைவரின் மடலையும், தொழிலுக்கு வரக்கூடிய இடர்கள் பற்றிய பகுதியையும் மட்டும் படித்தாலே போதும். சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்புடைமை அறிக்கை ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர், விபத்துகள் எத்தனை என்பன அதில் இருக்கும். நமக்கு இது பொன் போன்ற ஏடு. ஏனோ நம் பிள்ளைகள் எவரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. சிறு நிறுவனமாயின் இத்தகைய அறிக்கை கிடைப்பது அரிது. அப்போது முதல் நாளே சென்று, வேலை முறை மாறும் நேரத்தில் வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் அரை மணி நேரம் இருங்கள். ஆள் நிற்கிறதா ஓடுகிறதா, ஊதியம் நாள் தவறாமல் வருகிறதா என்பதைத் தொழிலாளரே சொல்லிவிடுவர்.

இனி, எல்லோரும் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். நிறுவனத்தைப் பற்றிக் கேட்ட அதே வாய், "உங்கள் குடும்பப் பின்னணி என்ன? தந்தை என்ன செய்கிறார்?" என்றும் கேட்கும். 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவன அலுவலர்கள் பலர் குடும்பப் பின்னணியைத் தகுதியின் அளவுகோலாகவே கருதுவது வெளிப்பட்டது. அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது: ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களில் தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்புக் குறைவாகவே வந்தது. ஆயத்தம் செய்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த வினா வருமென்று முன்னரே அறிந்திருப்பவர் குனிந்த தலையோடு விடை சொல்லமாட்டார். "என் தந்தை நகராட்சித் துப்புரவுப் பணியாளர், அவர் ஊதியத்தில் படித்தேன்" என்று ஒரே வரியில் தெளிவாகச் சொல்லிவிட்டு, பேச்சைத் தொழிலுக்குத் திருப்புங்கள். திருப்புவதற்கு உங்களிடம் பொருள் இருக்க வேண்டும். அந்நிறுவனத்தைப் பற்றி நீங்கள் திரட்டிய செய்தியே அப்பொருள்.

தெரியாததைத் தெரியாதென்று சொல்லலாம், அதில் இழிவில்லை. "ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்று அவர்கள் கேட்கும்போது மௌனமாக எழுந்து வந்துவிடாதீர்கள். பயிற்சிக் காலம் எவ்வளவு, யாரிடம் பயில்வோம், இரவு முறை உண்டா, வருங்கால வைப்பு நிதி எந்த நாளிலிருந்து பிடிக்கப்படும் என்று கேட்பது நம் உரிமை. பெண் பிள்ளைகள் இரவுப் போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் தயங்காமல் கேட்க வேண்டும். முன்பணம் கட்டினால் வேலை என்று சொல்பவனின் நிறுவனத்தைச் சற்றே விசாரித்திருந்தால், நம் குடும்பங்கள் சில நகையை அடகு வைத்திருக்க வேண்டியதில்லை.

இறுதியாகச் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். இரயில்வேயிலும் மின் வாரியத்திலும் வங்கிகளிலும் ஆலைகளிலும் பணியாற்றியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது, உள்ளே பிரிவுகள் எவை, உங்களிடம் அன்று என்ன கேட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். சென்ற ஆண்டு வேலையில் சேர்ந்த இளைஞர்களும் எழுதுங்கள். கையெழுத்து எப்படியிருந்தாலும் பரவாயில்லை. வாசகசாலை அலமாரியின் கீழ்த்தட்டை இதற்கென ஒழித்து வைத்திருக்கிறோம். நிறுவனத்திற்கு ஒரு கோப்பு வீதம் அகர வரிசையில் அடுக்கப்படும். நேர்முக அழைப்பு வந்தவர்கள் அங்கேயே அமர்ந்து படிக்கலாம், குறிப்பெடுத்துச் செல்லலாம், கோப்பை மட்டும் வெளியே எடுத்துச் செல்ல வேண்டா.