நம்பாதவன் நோக்கில் கிறித்தவம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடவுள் இல்லை என்று கருதுகிறவன் நான். கன்னியின் வயிற்றில் பிறந்ததும் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததும் எனக்கு வரலாறு அல்ல, கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் சில பாராட்டுரைகளைக் கேட்டு, 'இவர் மெல்ல மாறி வருகிறார்' என்று எந்த நண்பரும் மகிழ்ந்துவிட வேண்டாம்.

பெர்ட்ரண்ட் ரசல் 1927 மார்ச் 6ஆம் நாள் இலண்டனில் 'நான் ஏன் கிறித்தவன் அல்ல' என்ற பொருளில் பேசினார். சுயமரியாதை இயக்கத்தார் அவ்வுரையைத் தமிழாக்கி வெளியிட்டனர். மதத்தின் வேர் அச்சமே என்பது அவர் முடிவு. அவருடைய தருக்கத்தில் எனக்குக் குறை தோன்றவில்லை. ஆனால் அவர் பேசியது, திருச்சபையே அரசின் ஓர் உறுப்பாக விளங்கிய நாட்டில். இங்கோ அது சிறுபான்மையினரின் மதம். வழக்கை வேறு விதமாகத்தான் தொடுக்க வேண்டும்.

முதலில் அச்சு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். முத்துக்குளித்துறைப் பரதவர்க்காக அண்டிரிக் அடிகளார் ஆக்கியது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறிவிட்டது. இதை அவர்களுடைய பெருந்தன்மை என்று மேடைதோறும் புகழ்கிறோம். பெருந்தன்மை அன்று, கொள்கையின் கட்டாயம். வேதத்தை ஒவ்வொருவனும் தன் தாய்மொழியில் தானே படிக்க வேண்டும் என்பது லூத்தரின் வழிவந்தோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. அதை ஏற்றவன் அச்சகம் நிறுவியே ஆக வேண்டும். பள்ளி வைத்தே ஆக வேண்டும். எழுத்து மறுக்கப்பட்டவனுக்கும் பெண்ணுக்கும் அதைக் கற்பித்தே ஆக வேண்டும். என் கணக்கில் பொய்யான ஒரு நம்பிக்கை, மெய்யான ஒரு பயனைத் தந்தது. பயன் தந்தமையால் அது உண்மையாகிவிடாது. பொய் என்பதற்காகப் பயனை மறைப்பதும் பகுத்தறிவாகாது.

அதே சீகன்பால்கு நம் நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதி முடித்தார். செருமனியில் ஹாலே நகரத்து மேலிடத்தார் அதை அச்சிட மறுத்தனர். 1867இல்தான் அது வெளிவந்தது. வேதத்துக்குத் திறந்த கதவு வேற்றுத் தெய்வங்களுக்குத் திறக்கவில்லை.

நம்பாதவன் தேம்பாவணியை எப்படிச் சுவைப்பான் என்று கேட்பார் உண்டு. கம்பனைச் சுவைக்கும் அதே நாவால்தான். அதைப் பற்றி இவ்வவையில் விரித்துரைக்கத் தேவையில்லை.

சாதிக்கு வருகிறேன். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, சாதி என்பது சமூக வழக்கம், மதத்தோடு தொடர்பற்றது என வாதிட்டார். 1623இல் உரோமாபுரி அவர் முறைக்கு இசைவளித்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெருங்கவிஞர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். கோயிலில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக அமர்த்த முனைந்த பாதிரிமாரை அவரும் எதிர்த்தார். சாதி வேற்றுமையை உடனே கைவிடுமாறு 1833இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, பலர் சாதியை விடவில்லை. சபையை விட்டு விலகினர்.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயத்தை நண்பர்கள் சிலர் கண்டிருக்கலாம். காற்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு நீண்ட கூடங்கள். அவை கூடுமிடத்தில் பீடம். ஒரு கூடத்தில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இரு சாராரும் குருவைக் காணலாம்; ஒருவரையொருவர் காண இயலாது. ஆன்மாக்கள் மறுமையில் சமம் என்று நம்பிக்கொண்டே, உடல்களை இம்மையில் பிரித்து உட்கார வைக்கும் வித்தையை ஒரு கொத்தனார் கட்டடமாகவே ஆக்கிவிட்டார்! மறுமையை நம்புவதில் நான் காணும் ஆபத்து இதுதான்: நீதியைத் தவணையில் தள்ளிவிடலாம். 1910இல் அந்தத் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. இடிக்கச் செய்தவர்களும் பாதிரிமாரே. அதையும் சொல்ல வேண்டும். தனியிடம் கேட்டவர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். இரு தரப்பும் ஒரே ஆண்டவரிடம்தான் மன்றாடியிருக்கும்; தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. துறவற மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் நூல். அவர் விவிலியத்தைத் தூக்கி எறியவில்லை. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் கடவுளை அதிலிருந்தே எடுத்துச் சபையின் முன் வைக்கிறார். அந்தக் கடவுளும் இல்லை என்பதே என் முடிவு. ஆயினும், திருச்சபையை என் போன்றோர் எழுதிய எந்தக் கட்டுரையும் அவ்வளவு ஆழமாக அறுத்ததில்லை.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். 2022இல் இதை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் சாதியை முழுதும் கழுவிவிட்டது என்று மதச்சார்பற்ற அரசு நம்புகிறது. வடக்கன்குளத்தை அறிந்த எந்தக் கிறித்தவருக்கும் இவ்வளவு பக்தி இராது.

அவ்வாணையை மாற்றக் கோரும் கூட்டங்களுக்கு நானும் போவதுண்டு. தொடக்கச் செபத்தின்போது எல்லோருடனும் எழுந்து நிற்பேன், கைகூப்புவதில்லை. இதுவரை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.